நான்சி ட்ரூவை வளர்ந்தபின் மறுபடி வாசிப்பவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

பள்ளி நாட்களில் நான்சி ட்ரூ என்ற துப்பறியும் பெண்ணின் கதைகளைப் படித்துவிட்டு, பிள்ளைகள் வளர்ந்தபின் அதே புத்தகங்களைத் தேடி எடுப்பவர்கள் நிறையப் பேர். அவர்கள் என்னிடம் கேட்பதும் பெரும்பாலும் ஒரே சந்தேகங்கள்தான். கேட்டவர்கள் எப்படிக் கேட்டார்களோ அப்படியே கேள்விகளை வைத்திருக்கிறேன். எளியவை முதலில், சிக்கலானவை பின்னால். முதல் புத்தகத்தின் கதை சில இடங்களில் வெளிப்பட்டுவிடும். இன்னும் படிக்காதவர்கள் பார்த்துப் போகவும்.

"நான்சி ட்ரூன்னு நூத்துக்கணக்குல புக் இருக்கே, நீங்க எதைச் சொல்றீங்க?"

நியூயார்க்கின் கிராசெட் அண்ட் டன்லப் பதிப்பகம் 1930 முதல் 1979 வரை வெளியிட்ட 56 கெட்டி அட்டைப் புத்தகங்களைத்தான் சொல்கிறேன். முதல் மூன்றும் 1930 ஏப்ரல் 28 அன்று ஒன்றாக வந்தன: 'தி சீக்ரெட் ஆஃப் தி ஓல்ட் கிளாக்', 'தி ஹிடன் ஸ்டேர்கேஸ்', 'தி பங்களா மிஸ்டரி'. ரிவர் ஹைட்ஸ் என்ற கற்பனை ஊர், வக்கீல் அப்பா கார்சன் ட்ரூ, வீட்டைப் பார்த்துக்கொள்ளும் ஹன்னா க்ரூன், நீலக் கார், இதுதான் அந்த உலகம்.

57ஆம் எண்ணிலிருந்து வேறு பதிப்பகம், பேப்பர்பேக். 1986இல் தொடங்கிய 'ஃபைல்ஸ்' வரிசையில் காதலும் கொலையும் கூடுதல். அவற்றுக்கும் ரசிகர்கள் உண்டு, ஆனால் இந்தப் பக்கம் அவற்றைப் பற்றியது அல்ல.

"கரோலின் கீன் இன்னும் உயிரோட இருக்காங்களா? லெட்டர் போடலாமா?"

அட்டையில் ஆசிரியர் பெயராகப் போட்டிருக்கும் கரோலின் கீன் என்று ஒருவர் இருந்ததே இல்லை. எட்வர்ட் ஸ்ட்ராட்மேயர் என்பவர் நடத்திய ஒரு கதைத் தயாரிப்பு நிறுவனத்தின் புனைபெயர் அது. ஹார்டி பாய்ஸ் வரிசையும் அங்கிருந்து வந்ததுதான். அவர் சில பக்கங்களில் கதைச் சுருக்கம் எழுதிக் கொடுப்பார், வேறொருவர் அதை முழுப் புத்தகமாக எழுதுவார். எழுதுபவருக்கு மொத்தமாக ஒரு தொகை. ராயல்டி கிடையாது, பெயர் கிடையாது, வெளியே சொல்லவும் கூடாது. நான்சியைக் கற்பனை செய்த ஸ்ட்ராட்மேயர், முதல் புத்தகங்கள் வெளியான இரண்டே வாரத்தில், 1930 மே 10 அன்று காலமானார்.

நாம் நேசித்த நான்சிக்கு உயிர் கொடுத்தவர் மில்ட்ரெட் விர்ட் பென்சன். அயோவா மாநிலத்தின் லடோரா என்ற சிற்றூரில் 1905இல் பிறந்தவர். அயோவா பல்கலைக்கழகத்தில் இதழியல் முதுகலைப் பட்டம் பெற்ற முதல் பெண். முதல் 30 புத்தகங்களில் 23 அவர் கைப்பட எழுதியவை. ஒரு புத்தகத்துக்கு 125 டாலர். பொருளாதார மந்தத்தில் அதை 75 டாலராகக் குறைத்ததும் அவர் விலகிக்கொண்டார். 8, 9, 10 ஆகிய மூன்றையும் வால்டர் காரிக் என்பவர் எழுதினார். பிறகு மில்ட்ரெட் திரும்பி வந்தார்.

ஸ்ட்ராட்மேயரின் மகள் ஹாரியட் ஆடம்ஸ்தான் பின்னாளில் நிறுவனத்தை நடத்தினார். பிந்தைய புத்தகங்களில் பலவற்றை அவரே எழுதவும் செய்தார், அந்த உழைப்பு உண்மையானது. ஆனால் கரோலின் கீன் தான் மட்டுமே என்று பல ஆண்டுகள் பேட்டி கொடுத்தார். 1980இல் பதிப்பகங்களுக்கிடையே நடந்த வழக்கில் மில்ட்ரெட் சாட்சி சொன்னபோதுதான் உண்மை பதிவானது. ஐம்பது ஆண்டுகள் ஒரு பெண் தன் பாத்திரத்தைத் தன்னுடையது என்று சொல்ல முடியாமல் இருந்தார் என்பது எனக்கு இன்றும் ஆறாத விஷயம். அவர் விமானம் ஓட்டுவார், டொலிடோ நகரின் நாளிதழில் கடைசிக் காலம் வரை எழுதினார், 2002இல் தன் 96ஆம் வயதில் இறந்தார்.

"சின்ன வயசுல படிச்ச கதை இல்லையே இது! பேரு அதே, கதை வேற. எனக்குத்தான் ஞாபகம் குழம்புதா?"

உங்கள் ஞாபகம் சரியாகவே இருக்கலாம். முதல் 34 புத்தகங்களுக்கும் இரண்டு வடிவங்கள் உண்டு. 1959இல் தொடங்கி 1977 வரை ஒவ்வொன்றாகத் திருத்தி எழுதினார்கள். 25 அத்தியாயங்கள் 20 ஆயின. 16 வயது நான்சி 18 ஆனாள். ரோட்ஸ்டர் கார் கன்வெர்டிபிள் ஆனது. கறுப்பினத்தவரையும் மற்றவர்களையும் இழிவாகக் காட்டிய பகுதிகள் நீக்கப்பட்டன. அப்படிச் சித்திரிப்பதைக் கண்டித்து வாசகர்களின் பெற்றோரிடமிருந்து கடிதங்கள் வந்துகொண்டிருந்தன.

சில புத்தகங்களில் வெட்டிச் சுருக்கியதோடு நிறுத்திக்கொண்டார்கள். சிலவற்றில் தலைப்பை மட்டும் வைத்துக்கொண்டு முழுக் கதையையும் மாற்றிவிட்டார்கள். 'தி மிஸ்டரி ஆஃப் தி மாஸ் கவர்டு மேன்ஷன்' 1941இல் ஒரு கதை. 1971இல் அதே தலைப்பின்கீழ் ஃப்ளோரிடாவில் ராக்கெட் ஏவும் இடத்தைச் சுற்றி வேறொரு கதை. நீங்கள் ஒன்றைப் படித்திருப்பீர்கள், உங்கள் அக்கா இன்னொன்றைப் படித்திருப்பார். இரண்டு பேர் சொல்வதும் சரி.

"என் கையில இருக்கிறது ஒரிஜினலா, திருத்தினதா? எப்படிப் பாக்கிறது?"

முதல் புத்தகம் என்றால் முதல் பக்கமே போதும். 1930 வடிவம் வீட்டுக்குள் தொடங்கும். அப்பா படிப்பறை விளக்கடியில் செய்தித்தாள் படித்துக்கொண்டிருப்பார், நான்சி மேசைமேல் சாய்ந்தபடி, இறந்துபோன ஒரு முதியவரின் பணம் முழுவதும் டாப்ஹாம் என்ற பணக்காரக் குடும்பத்துக்குப் போனால் எவ்வளவு அநியாயம் என்று பொருமுவாள். 1959 வடிவம் சாலையில் தொடங்கும். அப்பாவின் சட்டக் காகிதங்களை ஒப்படைத்துவிட்டு, புதுக் கருநீல கன்வெர்டிபிளில் நான்சி வீடு திரும்பிக்கொண்டிருப்பாள். சற்று நேரத்தில் ஜூடி என்ற சின்னப் பெண்ணுக்கு விபத்து. ஜூடி இருந்தால் திருத்திய வடிவம், சந்தேகமே வேண்டாம்.

மற்ற புத்தகங்களுக்கு அத்தியாயங்களை எண்ணுங்கள். 25 என்றால் மூலம். 20 மட்டும் என்றால் உரிமைப் பக்கத்தையும் பாருங்கள், இரண்டு ஆண்டுகள் இருந்தால் பெரும்பாலும் பிந்தையது திருத்திய ஆண்டு. மஞ்சள் முதுகு இருந்தாலே திருத்தியது என்று பலர் நம்புகிறார்கள், அது சரியல்ல. படம் அச்சிட்ட மஞ்சள் முதுகு அட்டை 1962இல் வந்தது. அப்போது இன்னும் திருத்தப்படாத தலைப்புகள் மூல வடிவிலேயே மஞ்சள் அட்டைக்குள் வந்தன. 35ஆம் எண்ணிலிருந்து இந்தக் கவலையே இல்லை, ஒரே வடிவம்தான்.

"என்கிட்ட இருக்கிற பேப்பர்பேக்ல நம்பரே வேற மாதிரி இருக்கே?"

அது லண்டனில் அச்சான அர்மாடா பதிப்பாக இருக்கும். நம் ஊர் வாடகை நூலகங்களிலும் நடைபாதைக் கடைகளிலும் அவை நிறையப் புழங்கின. அமெரிக்க வரிசை எண்ணை அவர்கள் பின்பற்றவில்லை. தேடும்போது எண்ணை விட்டுவிட்டுத் தலைப்பை வைத்துத் தேடுங்கள்.

"வரிசையா படிக்கணுமா?"

தேவையில்லை. ஒன்றைத் தெரிந்துகொண்டால் போதும்: நான்சியின் நெருங்கிய தோழிகளான பெஸ்ஸும் ஜார்ஜும் முதல் நான்கு புத்தகங்களில் இல்லை. அங்கே நான்சியின் தோழி ஹெலன் கார்னிங். இரு சகோதரி முறைப் பெண்களும் வருவது 1931இல் வந்த ஐந்தாவது புத்தகமான 'தி சீக்ரெட் அட் ஷேடோ ராஞ்ச்'சில். நான்சியின் காதலன் நெட் நிக்கர்சன் ஏழாவதில். முதல் புத்தகத்தைப் படித்துவிட்டு "ஜார்ஜ் எங்கே?" என்று தேடுபவர்கள் உண்டு.

"ரெண்டுல எதைப் படிக்கலாம்? ஒண்ணு சொல்லுங்க."

பெரியவராக வாசிப்பதென்றால் மூலம். மில்ட்ரெட்டின் நான்சி துணிச்சல்காரி, வெடுக்கென்று பேசுவாள், பெரியவர்கள் சொல்வதை எடைபோட்டுத்தான் ஏற்பாள். இவள் அளவுக்கு மீறிப் பேசுகிறாள் என்று ஸ்ட்ராட்மேயர் முதலில் தயங்கியதாக மில்ட்ரெட்டே பின்னாளில் சொல்லியிருக்கிறார். 'தி ஹிடன் ஸ்டேர்கேஸ்' மூலத்தில், மர்ம மாளிகைக்குப் புறப்படும் மகளிடம் ரிவால்வரை எடுத்துக்கொண்டு போ என்கிறார் அப்பா. 1959 வடிவத்தில் துப்பாக்கி இல்லை. நான்சியும் பணிவானவளாக, எல்லோருக்கும் நன்றி சொல்பவளாக மாறியிருக்கிறாள். ஹாரியட் ஆடம்ஸ் விரும்பிய நான்சி இவள்.

வீட்டுக்குள்ளும் வித்தியாசம் தெரியும். மூலத்தில் நான்சியின் பத்தாவது வயதில் அம்மா இறந்திருக்கிறார். பதினாறு வயதில் குடும்பப் பொறுப்பு முழுவதும் அவள் கையில், ஹன்னாவுக்கு என்ன சமையல் என்று சொல்வதும் அவள்தான். திருத்தியதில் அம்மா இறக்கும்போது அவளுக்கு மூன்று வயது, ஹன்னா அவளை வளர்த்த தாய் போன்றவர். எனக்கு இந்த ஒரு மாற்றம் மட்டும் பிடித்திருக்கிறது. ஹன்னாவுக்கு அங்கே ஒரு மனம் இருக்கிறது, வெளியே போன பெண்ணை நினைத்துக் கவலைப்படுகிறார்.

வேகம் மட்டும் வேண்டுமென்றால் திருத்திய வடிவம் விறுவிறுவென்று போகும். ஆனால் மழை பெய்யும் ஏரி, இருண்ட படிக்கட்டு, பழைய வீட்டின் வாசனை என்று மில்ட்ரெட் நின்று எழுதியதெல்லாம் வெட்டில் போய்விட்டது.

"மூலத்துல இனவெறி இருக்காமே. அதைப் போய் ரசிக்கச் சொல்றீங்களா?"

இருக்கிறது, மறைக்க மாட்டேன். முதல் புத்தகத்தில் மூன் ஏரிக் கரையில் டாப்ஹாம் குடும்பத்தின் கோடைக்கால வீட்டைக் காவல் காக்கும் ஜெஃப் டக்கர் ஒரு கறுப்பினத்தவர். அவரைக் குடிக்கு ஆசைப்பட்டு ஏமாந்த கோமாளியாகக் காட்டி, அவர் பேச்சையும் கொச்சைப்படுத்தி எழுதியிருக்கிறார்கள். சின்ன வயதில் அந்தப் பக்கங்களைக் கடந்து போயிருப்போம். இப்போது போக முடியாது, போகவும் கூடாது. நான்சி அவரிடம் பேசும் தொனியும் நன்றாக இல்லை, அது அவள் பாத்திரத்தின் மீதே விழும் கறை.

1959இல் அவர்கள் செய்ததையும் நியாயமாகப் பார்க்க வேண்டும். ஜெஃப் டக்கரை வெள்ளையராக மாற்றிவிட்டார்கள். இழிவு போனது, நல்லது. ஆனால் ஒரு கறுப்பின மனிதரை மரியாதையோடு எழுதிக் காட்டும் வாய்ப்பு கையில் இருந்தும், அவரைக் கதையிலிருந்தே நீக்குவதுதான் அவர்களுக்கு எளிதாக இருந்தது. வரிசை முழுவதும் பெரும்பாலும் இதே வழிதான். மூலத்தைப் படிப்பவர் கோபத்தோடு படிக்கலாம். ரசிகர் என்பதற்காக அந்தக் கோபத்தை அடக்கிக்கொள்ள வேண்டியதில்லை.

"இந்தியா பத்தி வர்ற நான்சி ட்ரூ ஒண்ணு இருக்காமே, எப்படி இருக்கும்?"

1936இல் வந்த 'தி மிஸ்டரி ஆஃப் தி ஐவரி சார்ம்'. காட்டு விலங்குக் காட்சி நடத்தும் குழுவோடு ஒரு யானைப் பாகன், அவனிடம் அடி வாங்கும் ஓர் இந்தியச் சிறுவன், தந்தத்தில் செதுக்கிய யானைத் தாயத்து. சிறுவன் உண்மையில் அரச வாரிசு என்று முடியும். மூலத்தில் அவன் பெயர் கோயா. 1974இல் திருத்தியபோது ரிஷி என்று மாற்றினார்கள்.

மகாராஜா, யானை, மந்திரம், மயக்க நிலை: அன்றைய அமெரிக்கா இந்தியாவைப் பார்த்த சரக்கு முழுவதும் இதில் உண்டு. நாமே அந்தச் சித்திரிப்பில் நிற்கும்போது, முந்தைய கேள்வியில் சொன்ன ஜெஃப் டக்கரின் நிலை இன்னும் நன்றாக விளங்குகிறது. ஆனாலும் அடிபடும் பையனைப் பார்த்ததும் நான்சி சும்மா இருப்பதில்லை. யார் நாட்டுப் பிள்ளை என்று அவள் கேட்கவில்லை. அந்த இடத்தில் அவளை எனக்குப் பிடித்துத்தான் போகிறது.

"இப்பப் படிச்சா வில்லன் யாருன்னு பத்தாவது பக்கத்துலயே தெரிஞ்சுடுது. அப்புறம் எதுக்குப் படிக்கணும்?"

உண்மைதான். முரட்டுத்தனமாகப் பேசுகிறவன், அவசரமாகக் கார் ஓட்டுகிறவன், விருந்தாளியை உட்காரச் சொல்லாதவன், இவர்களில் ஒருவன்தான் குற்றவாளி. சின்ன வயதில் மர்மத்துக்காகப் படித்தோம். இப்போது கண்ணில் படுவது வேறு.

முதல் புத்தகத்தில் அபி ரோவன் என்ற கிழவியின் வீட்டுக்கு நான்சி போகும் இடத்தை எடுத்துப் பாருங்கள். அவள் போனது காணாமல் போன உயிலைப் பற்றி விசாரிக்க. உள்ளே கிழவி அடிபட்டு எழ முடியாமல் கிடக்கிறாள், வீட்டில் சாப்பாடு சரியாக இல்லை, வாங்கப் பணமும் இல்லை. நான்சி உடனே கேள்வியைத் தொடங்குவதில்லை. சமையலறைக்குப் போகிறாள், தேநீர் போடுகிறாள், இருப்பதை வைத்துச் சாப்பிடக் கொடுக்கிறாள். கிழவிக்குத் தெம்பு வந்தபின் மெல்லப் பேச்சைத் தொடங்குகிறாள். உயில் எங்கே என்று ஏதோ கேட்ட நினைவு, ஆனால் பிடிபடவில்லை. அப்போது மாடத்தில் இருக்கும் கடிகாரம் மணி அடிக்கிறது. கிழவிக்கு நினைவு வந்துவிடுகிறது: கடிகாரம்!

பத்து வயதில் அந்த மணியோசைதான் எனக்கு மனதில் நின்றது. இப்போது நிற்பது காலியான அலமாரி. 1930இல், பொருளாதார மந்தம் தொடங்கிய நாட்களில் வாசகர் கைக்குப் போன புத்தகம் இது. உயில் யாருக்குக் கிடைக்கும் என்ற கேள்விக்குப் பின்னால், கோழி வளர்த்தும் தையல் தைத்தும் பிழைக்கும் அக்கா தங்கை, சேமிப்பில்லாத முதியவர்கள் என்று ஒரு வரிசையே நிற்கிறது. நான்சி குற்றவாளியைப் பிடிப்பதைவிட, சேர வேண்டிய பணத்தைச் சேர வேண்டியவர்களிடம் சேர்ப்பதுதான் கதை.

அப்புறம் அந்தச் சுதந்திரம். திருடர்கள் அவளை உடை அலமாரிக்குள் பூட்டிவிட்டுப் போகிறார்கள். கொஞ்ச நேரம் பயப்படுகிறாள், பிறகு துணி மாட்டும் கம்பைப் பெயர்த்துக் கதவை நெம்பத் தொடங்குகிறாள். வீடு திரும்பினால் "இனி வெளியே போகாதே" என்று அப்பா சொல்வதில்லை, அடுத்து என்ன செய்யப்போகிறாய் என்று கேட்கிறார். பெண் பிள்ளைகளை வளர்த்த பிறகு அந்த அப்பாவை வாசிக்கும்போது எனக்குத் தொண்டை அடைக்கிறது.

"பெஸ்ஸை எப்பப் பாத்தாலும் குண்டு, குண்டுன்னு சொல்றாங்களே. அப்பவும் இப்படித்தான் இருந்துச்சா?"

இருந்தது. அவள் ஒரு கேக் துண்டை எடுத்தாலே ஜார்ஜ் குத்திக்காட்டுவாள். திருத்திய வடிவங்களிலும் இது போகவில்லை, அங்கே இன்னும் அதிகமாகவே கண்ணில் படுகிறது. ஆனால் பெஸ்ஸைக் கூர்ந்து பாருங்கள். மூவரில் உண்மையாகவே பயப்படுகிறவள் அவள்தான். பயந்துகொண்டே இருட்டுக்குள் கூடப் போகிறவளும் அவள்தான். நான்சிக்குப் பயம் அதிகம் கிடையாது, அதனால் துணிச்சல் அவளுக்குச் சுலபம்.

"என் பொண்ணுக்கு ஒன்பது வயசு. குடுக்கலாமா?"

திருத்திய வடிவம் கொடுங்கள். கொலை, ரத்தம் எதுவும் இல்லை, ஆங்கிலமும் எளிது. மூலத்தைப் பன்னிரண்டு, பதின்மூன்று வயதில், ஜெஃப் டக்கர் பகுதியைப் பற்றி உட்கார்ந்து பேச முடிகிறபோது கொடுக்கலாம். பிடிக்கவில்லை என்றால் விட்டுவிடுங்கள். நமக்குப் பிடித்ததை அவர்கள் தலையில் கட்டக் கூடாது.

"உரிமைப் பக்கத்துல 1930ன்னு போட்டிருக்கு, முதல் பதிப்புன்னு பெரிய விலை சொல்றாங்க. வாங்கலாமா?"

அவசரப்படாதீர்கள். அந்தப் பதிப்பகம் மறு அச்சு விவரத்தை உள்ளே போடவில்லை. இருபது ஆண்டு கழித்து அச்சான மூல வடிவப் பிரதியிலும் 1930 என்றுதான் இருக்கும். புத்தகத்துக்குள்ளோ மேலுறையிலோ இருக்கும் நான்சி ட்ரூ தலைப்புகளின் பட்டியலைப் பாருங்கள். கடைசித் தலைப்பு 'தி சீக்ரெட் இன் தி ஓல்ட் அட்டிக்' என்றால் அது 1944 வாக்கில் அச்சானது. மேலுறை பிரிந்து வேறு பிரதியோடு சேர்ந்திருக்கவும் கூடும், ஆகவே இரண்டு பட்டியலையும் ஒப்பிடுங்கள்.

விலையில் பெரும்பங்கு மேலுறைக்குத்தான். ரஸ்ஸல் டேண்டி வரைந்த ஆரம்ப கால உறைகள் அருமை. ஃபேஷன் ஓவியர் என்பதால் அவருடைய நான்சி கச்சிதமாக உடுத்தியிருப்பாள். படிக்க மட்டும் மூலம் வேண்டுமென்றால் ஆப்பிள்வுட் பதிப்பகம் 1991 முதல் கொண்டுவந்த மறுபதிப்புகளைத் தேடுங்கள். பழைய தோற்றத்திலேயே இருக்கும்.

"2026ல காப்புரிமை முடிஞ்சுபோச்சாம். நானே தமிழ்ல மொழிபெயர்த்துப் போடலாமா?"

முடிந்தது அமெரிக்காவில், அதுவும் 1930இல் வந்த முதல் நான்கு புத்தகங்களின் மூல வடிவத்துக்கு மட்டும். முதல் மூன்றோடு 'தி மிஸ்டரி அட் லைலாக் இன்'னும் சேர்த்தி. அங்கே அன்றைய நூல்களுக்கு 95 ஆண்டுக் கணக்கு, அது 2026 ஜனவரி 1 அன்று தீர்ந்தது. மேலே சொன்ன 1959 வடிவங்களுக்கு இன்னும் காலம் இருக்கிறது. ஜூடி வரும் புத்தகத்தை எடுத்து மொழிபெயர்த்தால் சிக்கல். நெட் நிக்கர்சனும் அப்படித்தான், அவர் பிறந்தது 1932இல்.

இந்தியாவில் பொதுவான கணக்கு எழுத்தாளர் ஆயுளும் அதற்குமேல் 60 ஆண்டும். புனைபெயரில் வந்த நூலுக்கும் வெளிநாட்டு நூலுக்கும் தனி விதிகள் உண்டு. நான்சி ட்ரூ என்ற பெயர் வணிகக் குறியாகவும் இருக்கிறது, அட்டையில் போடும்போது அதையும் யோசிக்க வேண்டும். உங்கள் நோட்டில் எழுதிப் பார்க்க யாரும் தடை சொல்ல மாட்டார்கள். அச்சிடவோ விற்கவோ போகிறீர்கள் என்றால் காப்புரிமை வழக்கறிஞர் ஒருவரைக் கேட்டுவிட்டுச் செய்யுங்கள். தமிழில் வந்தால் முதல் ஆளாக வாங்குவேன்.

"56ம் முடிச்சாச்சு. இதே மாதிரி வேற என்ன இருக்கு?"

மார்கரெட் சட்டன் 1932 முதல் 1967 வரை எழுதிய ஜூடி போல்டன் வரிசை, 38 புத்தகங்கள். முழுவதும் ஒருவரே எழுதியது. ஜூடிக்கு வயது ஏறுகிறது, திருமணமும் நடக்கிறது, ஏழை வீடும் பணக்கார வீடும் ஒரே தெருவில் இருப்பதை அவள் கவனிக்கிறாள். நான்சி மாறவே மாட்டேன் என்கிறாளே என்று சலித்தவர்கள் இங்கே வரலாம். கிராமம், குதிரை, நண்பர் கூட்டம் பிடித்தவர்களுக்கு 1948இல் தொடங்கிய ட்ரிக்ஸி பெல்டன்.

என்னைக் கேட்டால் பென்னி பார்க்கர். 1939 முதல் 1947 வரை 17 புத்தகங்கள், மில்ட்ரெட் தன் சொந்தப் பெயரில் எழுதியவை. பென்னி ஒரு நாளிதழ் ஆசிரியரின் மகள். வாய்த்துடுக்கு, செய்தி வேட்டை, தன் ஓட்டைக் காரோடு ஓயாத சண்டை. தான் படைத்தவர்களில் மில்ட்ரெட்டுக்கு மிகவும் பிடித்தவள் இவள்தான். நான்சிக்குக் கடிவாளம் போடாமல் விட்டிருந்தால் எப்படி இருந்திருப்பாள் என்று பார்க்க வேண்டுமா, பென்னியைப் படியுங்கள். இவ்வரிசைப் புத்தகங்கள் ப்ராஜெக்ட் குட்டன்பெர்க் தளத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. 'டேல் ஆஃப் தி விட்ச் டால்' முதல் புத்தகம், அங்கிருந்து தொடங்குங்கள்.